குடும்பச் சண்டையை டிவியில் தீர்த்துக்கொள்ளலாமா?

"என் வீட்டுக்காரருக்கு லை டிடெக்டர் டெஸ்ட் எடுக்க முடியுமா மேடம்?"

குடும்பநல ஆலோசகராக இருக்கும் எனக்கு இந்தக் கேள்வி அவ்வப்போது வரும். யாரும் விளையாட்டாகக் கேட்பதில்லை. டிவியில் பார்த்திருக்கிறார்கள். கணவன் மனைவியை எதிரெதிரே உட்காரவைத்து, தொகுப்பாளர் ஒரு கவரைப் பிரித்து, "இவர் சொன்னது பொய்" என்று படிப்பார். அரங்கம் அதிரும். நம் வீட்டுச் சிக்கலும் அப்படிப் பட்டென்று முடிந்துவிடாதா என்ற ஆசையோடு வருகிறார்கள்.

அந்தக் கருவிக்குப் பொய் எது, மெய் எது என்று தெரியாது. மூச்சு, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், தோலில் சுரக்கும் வியர்வை ஆகியவற்றில் வரும் மாற்றத்தைப் பதிவு செய்யும், அவ்வளவுதான். பயந்தாலும் அவமானப்பட்டாலும் இதயம் வேகமாகத்தான் அடிக்கும். எந்தத் தவறும் செய்யாதவரிடம் ஊர் பார்க்க "நீ துரோகம் செய்தாயா?" என்று கேட்டால் அவருக்கும் வியர்க்கும். குற்ற வழக்கு விசாரணையில்கூட ஒருவரின் சம்மதம் இல்லாமல் இந்தச் சோதனையை நடத்தக்கூடாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2010-லேயே தீர்ப்பளித்திருக்கிறது.

பிரிட்டனில் 2005 முதல் ஓடிய ஜெரமி கைல் ஷோ என்ற குடும்பச் சண்டை டிவி நிகழ்ச்சிக்கு இந்தக் கருவிதான் பெரிய ஈர்ப்பு. 2019 மே மாதம், தன் துணைக்குத் துரோகம் செய்யவில்லை என்று நிரூபிக்கப் போன ஒருவர் சோதனையில் தோற்றதாக அறிவித்தார்கள். சில நாட்களில் அவர் இறந்து கிடந்தார். அந்த எபிசோட் ஒளிபரப்பாகவில்லை. நிகழ்ச்சியும் அந்த மாதமே நிறுத்தப்பட்டது. நாடாளுமன்றக் குழு கூப்பிட்டு விசாரித்தபோது, கருவி எந்த அளவுக்குச் சரியாகச் சொல்லும் என்ற கேள்விக்கு நிகழ்ச்சித் தரப்பால் பதில் சொல்ல முடியவில்லை. ஒரு மனிதரின் மானத்தை எடைபோடும் கருவியைப் பற்றி அதைப் பயன்படுத்தியவர்களுக்கே தெரிந்திருந்தது அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த மரணத்துக்கு நிகழ்ச்சிதான் காரணமாக இருந்திருக்கும் என்று சொல்ல நம்பகமான ஆதாரம் இல்லை என்று 2024-ல் முடிந்த மரண விசாரணை சொன்னது. அதை நான் குறை சொல்லமாட்டேன். ஒரு தற்கொலைக்கு ஒரே காரணத்தைத் தேடக்கூடாது என்பது எங்கள் தொழிலில் ஆரம்பப் பாடம். என் கேள்வி வேறு. ஏற்கெனவே மனசு நொந்து வரும் ஒருவரைக் கேமரா முன் நிறுத்தலாமா என்று யார் முடிவு செய்தது? அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு?

அமெரிக்காவில் இந்தக் கேள்வி நீதிமன்றம் வரைக்கும் போனது. 1995-ல் ஜென்னி ஜோன்ஸ் என்ற டிவி பேட்டி நிகழ்ச்சியில், "உங்களை ரகசியமாக விரும்பும் ஒருவர்" என்று சொல்லி ஒரு இளைஞரை அழைத்து, பார்வையாளர்கள் முன்னிலையில் அவருடைய நண்பரை வரவழைத்தார்கள். படப்பிடிப்பு முடிந்த மூன்றாம் நாள் அந்த நண்பர் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டது அந்த இளைஞர்தான். இறந்தவரின் குடும்பத்துக்குப் பெரும் இழப்பீடு தர வேண்டும் என்று 1999-ல் ஜூரி தீர்ப்பளித்தது. 2002-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அரங்கை விட்டு வெளியேறிய பிறகு விருந்தினர்களைப் பாதுகாக்கும் கடமை நிகழ்ச்சிக்கு இல்லை என்பது அதன் நிலைப்பாடு. சட்டப்படி சரியாகவே இருக்கட்டும். ஆனால் சண்டைகள் பெரும்பாலும் அரங்கத்திலா நடக்கின்றன? வீட்டுக்குப் போன பிறகுதானே!

"அவங்களே கையெழுத்துப் போட்டுத்தானே வந்தாங்க?" என்று கேட்பார்கள். போட்டார்கள்தான். எதற்குப் போட்டார்கள் என்று பாருங்கள். தன் கஷ்டத்தைச் சொல்லலாம் என்று போடுகிறார்கள். எதிர்த்தரப்பு என்ன சொல்லப்போகிறது, எந்தச் சாட்சி திடீரென்று மேடையேறும், மணிக்கணக்கான பதிவில் எந்த ஐந்து நிமிடம் மிஞ்சும், எந்த இடத்தில் சோக இசை சேர்ப்பார்கள் என்பதெல்லாம் அந்தப் படிவத்தில் இருக்காது. பாதியில் எழுந்து போக வேண்டும் என்று தோன்றினால் போகலாமா என்பதுகூடப் பலருக்குத் தெரியாது. தெரியாத ஒன்றுக்குக் கொடுப்பதை எங்கள் தொழிலில் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள மாட்டோம்.

கவுன்சலிங் அறையில் நடப்பது பார்ப்பவருக்கு ரொம்ப போரடிக்கும். கணவனிடம் தனியாக, மனைவியிடம் தனியாக, பிறகு சேர்த்து வைத்துப் பேசுவோம். பாதி நேரம் மௌனம். முதல் நாள் "எல்லாம் அவளால்தான்" என்று சொன்னவர், சில வாரம் கழித்து, தனக்கு வேலை போனதை வீட்டில் மறைத்ததைச் சொல்வார். கதையே மாறிவிடும். டிவியில் முதல் நாளோடு படம் முடிந்துவிடுகிறது. குடும்பநல நீதிமன்றத்தில்கூட, ஒரு தரப்பு கேட்டாலே மூடிய அறையில்தான் விசாரிக்க வேண்டும் என்று 1984-ஆம் ஆண்டு இந்தியச் சட்டம் சொல்கிறது. வேடிக்கை பார்க்க ஆள் இருந்தால் யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள், அதுதான் விஷயம்.

குழந்தைகள்தான் எனக்குப் பெரிய கவலை. ஒரு பெண் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்) முதல் சந்திப்பில் தன் போனைத்தான் நீட்டினாள். அவள் அம்மா பல வருடம் முன் ஒரு நிகழ்ச்சியில் அழுத காட்சி. யாரோ வெட்டி யூடியூபில் போட்டிருந்தார்கள். தம்ப்நெயிலில் அம்மாவின் முகத்தைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம், பக்கத்தில் அம்புக்குறி, கீழே சிரிக்கும் எமோஜி. வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டேன். அவள் அதைச் சொல்லவில்லை, கமெண்ட்களைச் சொன்னாள். ஒன்றுவிடாமல், வரிசையாக, மனப்பாடமாக. அம்மாவும் அப்பாவும் அதற்குள் சமாதானமாகி ஒன்றாக இருக்கிறார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அந்தச் சமாதானத்தை யாரும் படம் பிடிக்கவில்லை. வகுப்பில் இன்றும் அம்மாவின் வசனத்தைச் சொல்லித்தான் அவளைக் கூப்பிடுகிறார்கள். படிவத்தில் அவள் கையெழுத்துப் போடவில்லை.

இந்த நிகழ்ச்சிகளால் நல்லதே நடக்கவில்லை என்று சொல்லமாட்டேன். காவல் நிலையத்தில் புகாரை வாங்காமல் திருப்பி அனுப்பப்பட்ட பெண்ணுக்கு, கேமரா வந்ததும் நாற்காலி போடுவார்கள். வழக்குப் போட்டு அலைய வசதியில்லாதவர்கள், தங்கள் பேச்சை ஒருவராவது காதுகொடுத்துக் கேட்கட்டும் என்றுதான் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மனசு வரவில்லை. அந்தத் தவிப்பை டிஆர்பியாக மாற்றுவதுதான் உறுத்துகிறது. பார்த்துவிட்டு "நம்ம வீடு பரவாயில்லப்பா" என்று நிம்மதியாகத் தூங்கப் போகும் நாமும் இதில் கூட்டு.

பிரிட்டனில் 2021 ஏப்ரல் முதல், நிகழ்ச்சியில் கலந்துகொள்வதால் பாதிப்பு வரக்கூடியவர்களை உரிய அக்கறையோடு நடத்த வேண்டும் என்று ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் விதி கொண்டுவந்தது. எல்லா இடத்துக்கும் இது வரவேண்டும். வரும்வரை நாம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

உங்களுக்கோ தெரிந்தவருக்கோ இப்படி ஒரு அழைப்பு வந்தால், உடனே சரி என்று சொல்லாதீர்கள். படிவத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க நேரம் கேளுங்கள். தரமாட்டோம் என்றால் அங்கேயே பதில் கிடைத்துவிட்டது. பதிவு முடிந்தபின் மனம் மாறினால் நிறுத்துவார்களா, இணையத்தில் எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள், நிகழ்ச்சிக்குப் பிறகு பேச ஆலோசகர் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். குழந்தையின் பெயர், பள்ளி, புகைப்படம் எதையும் கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே வெளியாகிவிட்டதா? அடையாளம் தெரியும்படி முகமோ பெயரோ இருந்தால், யூடியூபில் தனியுரிமைப் புகார் கொடுக்கலாம். பாதிக்கப்பட்டவரே கொடுக்க வேண்டும். சிறுவர்கள் என்றால் பெற்றோர் கொடுக்கலாம். எல்லாப் புகாரையும் ஏற்கமாட்டார்கள். இருந்தாலும் எந்த நிமிடம், எந்த நொடியில் முகம் வருகிறது என்று குறித்து அனுப்புங்கள். ஒரே காட்சியைப் பல சேனல்கள் போட்டிருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கொடுங்கள். அந்த வீடியோவின் கீழே போய்ச் சண்டை மட்டும் போடாதீர்கள்.