பெண்வெறுப்பா, பெண்ணொறுப்பா? ‘மிசோஜினி’, ‘செக்சிஸம்’ என்னும் இரு சொற்களைப் பற்றி

வேலூரில் எந்தப் பெரிய மருத்துவமனைக்குள் நுழைந்தாலும் ‘கைனகாலஜி’ என்ற பலகை கண்ணில் படும். பேரணாம்பட்டிலிருந்தும் ஒடுகத்தூரிலிருந்தும் பேருந்தேறி வரும் பெண்கள் அந்தச் சொல்லைத் தடங்கலின்றிச் சொல்லி வழி கேட்கிறார்கள். பெண் என்று பொருள்படும் ‘கினே’ என்னும் கிரேக்கச் சொல் அதற்குள் இருக்கிறது. அதன் முன்னால் வெறுத்தலைக் குறிக்கும் ‘மிசெய்ன்’ என்ற வினை வந்து சேர்ந்தால் ‘மிசோஜினி’ ஆகிவிடும். ஒன்று பெண்ணைப் பேணும் மருத்துவம், மற்றொன்று பெண்ணின் மீதான வெறுப்பு. இரண்டாவது சொல் 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் வழங்கத் தொடங்கி, நெடுங்காலம் படித்தவர் வட்டத்துக்குள்ளேயே இருந்து, இன்று நம் தொலைக்காட்சி விவாதங்களில் நாள்தோறும் காதில் விழும் சொல்லாகிவிட்டது.

ஆண், பெண் என்பதைக் காட்டி ஒருவரைத் தாழ்வாகக் கருதும் போக்கைக் குறிக்கும் ‘செக்சிஸம்’ வயதில் மிக இளையது. 1965இல் அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் பாலின் லீட் என்பவர் ஆற்றிய உரையில் அது இடம்பெற்றது. 1968இல் கரோலின் பேர்டின் எழுத்தில் அச்சேறியது. நிறவெறியைக் குறிக்கும் ‘ரேசிஸம்’ என்னும் சொல்லின் அச்சில் வார்க்கப்பட்டது அது. நல்ல கவிதை எழுதிய பெண்கள் குறைவு என்று காட்டி, பெண்களை முற்றாக ஒதுக்குவதற்கு அதையே நியாயமாக்குகிறவர், நிறத்தைக் காட்டி மனிதரை ஒதுக்குகிறவரின் நிலையைத்தான் எடுக்கிறார் என்பது லீட்டின் வாதம்.

இவ்விரண்டு சொற்களுக்கும் தமிழில் என்ன எழுதுவது என்று பார்த்தால் குழப்பமே மிஞ்சுகிறது. ஆணாதிக்கம், பெண்ணடிமைத்தனம், பாலினப் பாகுபாடு, பெண்வெறுப்பு, பால்வாதம் ஆகிய அனைத்தும் ஒன்றுக்கொன்று மாற்றாக வழங்குகின்றன. ஆணாதிக்கம் என்பது ஆண்களின் கையில் அதிகாரம் குவிந்திருக்கும் ஒட்டுமொத்த அமைப்பைக் குறிப்பது. பெண்ணடிமைத்தனம் அவ்வமைப்பில் பெண்ணுக்கு நேரும் நிலை. பாகுபாடு என்பது ஒரு செயல். கூலி கொடுக்கும்போதோ வேலைக்கு எடுக்கும்போதோ காட்டப்படுவது. இந்த மூன்றும் தத்தம் இடத்தில் சரியான சொற்களே என்றாலும், ‘செக்சிஸம்’, ‘மிசோஜினி’ ஆகியவற்றின் இடத்தை இவற்றால் நிரப்ப முடியாது.

முதலில் செக்சிஸத்தை எடுத்துக்கொள்வோம். ‘பால்’ என்றால் பகுப்பு. ஆண்பால், பெண்பால், பலர்பால் என்று தொல்காப்பிய இலக்கணம் பகுத்ததும், குறளை அறத்துப்பால், பொருட்பால், காமத்துப்பால் என்று பிரித்ததும் அந்தப் பொருளில்தான். இன்று உடற்கூற்றுப் பிரிவைப் பால் என்றும், சமூகம் அதன்மேல் ஏற்றிவைக்கும் அடையாளத்தைப் பாலினம் என்றும், காமம் தொடர்பானதைப் பாலியல் என்றும் வேறுபடுத்துகிறோம். இந்த மூன்றாவது சொல்லை எழுதுகிறவர்கள் கவனமாகக் கையாள வேண்டும். ‘பாலியல் சமத்துவம்’, ‘பாலியல்வாதம்’ என்றெல்லாம் செய்திகளில் எழுதப்படுவது பிழை. சொல்ல வந்தது பாலினத்தைப் பற்றி. எழுதியதோ வேறொன்றைப் பற்றி. ஆகவே ‘பாலினவாதம்’ என்பதே செக்சிஸத்துக்குப் பொருத்தமான தமிழ் என்று கருதுகிறேன். இனவாதம் என்று முன்பே வழங்கும் சொல்லின் அச்சும் அதற்கு இருக்கிறது.

‘வாதம்’ என்ற பின்பகுதியை வடசொல் என்று சிலர் தள்ளுவார்கள். எனக்கு அது இங்கே மிகவும் தேவையானதாகப் படுகிறது, ஏனென்றால் பாலினவாதம் உண்மையில் வாதாடுகிறது, காரணம் சொல்கிறது. ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் விடியற்காலையில் நின்று பார்த்தால், காலணித் தொழிற்சாலைகளுக்குக் கிராமங்களிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகும் பேருந்துகளைக் காணலாம். பெண்களுக்கு விரல் மெலிது, பொறுமை அதிகம், ஆகவே தையல் வேலை அவர்களுக்குத்தான் கைவரும் என்பார்கள். அடுத்த மூச்சிலேயே, ஆட்களைக் கட்டி மேய்ப்பது அவர்களால் ஆகாது, அதற்கு ஆண்தான் வேண்டும் என்பார்கள். இரண்டுமே புகழ்ச்சியும் அக்கறையும் கலந்த குரலில் சொல்லப்படும். கேட்பவருக்குக் கோபம்கூட வராது. இதில் வெறுப்பு எங்கே இருக்கிறது என்று தேடினால் கிடைக்காது. கிடைப்பது வாதம் மட்டும்தான்.

மிசோஜினிக்கு வருவோம். ‘பெண்வெறுப்பு’ என்பது வேர்ச்சொல்லுக்கு நேரான தமிழாக்கம். அகராதி நோக்கில் அதில் குறை காண முடியாது. குறை அதன் பயன்பாட்டில் இருக்கிறது. ஒருவரது பேச்சைப் பெண்வெறுப்பு என்று சுட்டிக்காட்டிய மறுகணம், “எனக்குத் தாய் இல்லையா, தங்கை இல்லையா, நான் எப்படிப் பெண்களை வெறுப்பேன்?” என்ற பதில் வந்துவிடும். அந்தப் பதில் பொய்யும் அல்ல. அவர் தம் தாயை நேசிக்கிறவராகவே இருக்கலாம். நெஞ்சுக்குள் இருக்கும் உணர்ச்சியைப் பற்றிய வழக்காக மாறியதும் விவாதம் அங்கேயே முடிந்துபோகிறது.

வேலூரின் வரலாற்றில் எல்லோரும் கேட்டிருக்கும் ஒரு நிகழ்வு இதை நன்றாக விளக்கும். 1890களில் திண்டிவனத்தில் இளம்பெண்ணாகத் தங்கியிருந்த ஐடா ஸ்கடரிடம், ஒரே இரவில் மூன்று ஆண்கள் தனித்தனியாக வந்து, பேறுகாலத்தில் தவிக்கும் தம் மனைவியைக் காப்பாற்றும்படி கேட்டார்கள். அவர் மருத்துவர் அல்லர். மருத்துவரான அவருடைய தந்தையை அழைத்துப் போகச் சொன்னபோது, அயல் ஆண் ஒருவர் தம் மனைவியைப் பார்க்கலாகாது என்று மூவரும் மறுத்துத் திரும்பினார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். அந்த இரவுதான் ஐடாவை 1899இல் மருத்துவப் பட்டம் பெறவும், 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு சிகிச்சை தொடங்கவும், 1918இல் பெண்களுக்கென ஒரு மருத்துவப் பள்ளியைத் திறக்கவும் கொண்டு சென்றது. இருட்டில் உதவி தேடி ஓடிவந்த அந்த மூன்று கணவர்களையும் பெண்வெறுப்பாளர் என்று யாரால் சொல்ல முடியும்? மனைவி பிழைக்க வேண்டும் என்ற தவிப்போடுதான் வந்தார்கள். ஆனாலும் அவர்கள் கட்டிக்காத்த விதிக்கு அந்தப் பெண்கள் உயிரை விலையாகக் கொடுத்தார்கள்.

கேட் மேன் என்னும் மெய்யியலாளர் 2017இல் முன்வைத்த விளக்கம் இங்கே உதவுகிறது. செக்சிஸம் ஆணாதிக்கத்துக்கு நியாயம் கற்பிக்கும் பிரிவு. மிசோஜினி அதன் விதிகளைக் காவல் காத்து, மீறும் பெண்களுக்குத் தண்டனை தரும் பிரிவு என்றார் அவர். இந்தப் பொருளைத் தாங்குவதற்குத் தமிழில் ஒரு பழைய வேர் இருக்கிறது: ஒறுத்தல். “இன்னாசெய் தாரை ஒறுத்தல்” என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, அதே சொல். தண்டித்தல், அடக்குதல் ஆகிய பொருள்கள் அதற்கு உண்டு. பெண்ணுரிமை, பெண்ணியம் போலப் ‘பெண்ணொறுப்பு’ என்று அது இயல்பாகவே புணர்கிறது. என் பரிந்துரை இதுதான்: மனத்தின் பகைமையைக் குறிக்கும் இடத்தில் பெண்வெறுப்பு என்ற சொல் இருக்கட்டும், எல்லை தாண்டிய பெண்ணைப் பேச்சாலும் செயலாலும் தண்டிப்பதைக் குறிக்கும் இடத்தில் பெண்ணொறுப்பு என்று எழுதுவோம்.

இந்தச் சொல்லின் தேவையை எனக்கு உணர்த்தியது ஒரு கிராம சபைக் கூட்டம். தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பெண்களுக்கு 50 விழுக்காடு ஒதுக்க 2016இல் சட்டம் திருத்தப்பட்டது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் உள்ளிட்ட 9 மாவட்டங்களில் 2021 அக்டோபரில் ஊராட்சித் தேர்தல் நடந்தது. அதன் பின், குடியாத்தத்தை ஒட்டிய ஓர் ஊரில் மே தினக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். வேப்பமரத்தடியில் மேசைக்குப் பின்னால் தலைவரின் வீட்டுக்காரர் அமர்ந்திருந்தார். தலைவர் பெண்களோடு இரண்டாவது வரிசையில், பச்சை நிற பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். கூட்டம் முடிந்ததும் தீர்மானப் புத்தகம் அவரிடம் போயிற்று. ஒரு விரல் இடத்தைக் காட்டியது, அவர் கையெழுத்திட்டார், புத்தகம் மேசைக்குத் திரும்பியது. எல்லோரும் அவரை மரியாதையாக “எம்மா” என்றே அழைத்தார்கள்.

ஆகஸ்ட் 15 கூட்டத்தில் அவரே மேசைக்குப் பின்னால் வந்து உட்கார்ந்து, தண்ணீர்த் தொட்டி மோட்டார் பழுதுபார்த்த கணக்கை வாசிக்கச் சொன்னார். பத்து நாள்கூட ஆகவில்லை. அவரது நடத்தையைப் பற்றி ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. வீட்டில் சோறாக்குகிறாளா, பிள்ளைகளைப் பார்க்கிறாளா என்று டீக்கடையில் விசாரணை நடந்தது. பிறகு ஒருநாள் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தபோது அவரே சொன்னார்: “கையெழுத்து போட்டுனு இருந்த வரைக்கும் எல்லாரும் எம்மா எம்மான்னாங்க சார். கணக்கு கேட்ட அன்னிக்குத்தான் இன்னா பொம்பள இவன்னு ஆச்சு.” பெண் என்பதற்காக அவரை யாரும் வெறுக்கவில்லை. கணக்குக் கேட்டதற்காக ஒறுத்தார்கள்.

சட்டமன்றங்களும் நாடாளுமன்றங்களும் இதற்கு விலக்கல்ல. 2012 அக்டோபர் 9 அன்று ஆஸ்திரேலியப் பிரதமர் ஜூலியா கில்லார்ட், எதிர்க்கட்சித் தலைவரை நோக்கி மிசோஜினி என்ற சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லி உரையாற்றினார். ‘வெறுப்பு’ என்ற அளவில் அவர் சொன்னது பொருந்துமா என்று சர்ச்சை எழுந்தபோது, அந்நாட்டின் மக்குவாரி அகராதி, பெண்கள் மீது ஊறிப்போன தப்பெண்ணம் என்ற பொருளையும் அச்சொல்லுக்குச் சேர்த்தது. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 அன்று, நிதிநிலை அறிக்கை வாசிக்கப்பட வேண்டிய நாளில் நடந்த அமளியில் தம் சேலை பிடித்து இழுக்கப்பட்டதாக அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் ஜெயலலிதா குற்றம் சாட்டினார். அதை மறுத்தவர்களும் உண்டு. எப்படியாயினும், ஒரு பெண் தலைவரைப் பற்றிய நினைவு நிதியறிக்கையை விட்டுச் சேலையில் போய் நின்றது. எதிர்க்கட்சிக்காரரைக் கோழை என்று சொல்ல “வளையல் போட்டுக்கொள்ளட்டும்” என்று மேடையில் முழங்குவதும், மாற்றுக் கட்சிப் பெண்ணின் திருமண வாழ்க்கையைத் தோண்டுவதும் எந்தக் கட்சிக்கும் புதிதல்ல. பொதுப்பணியோடு தொடர்பில்லாத தனிவாழ்க்கையை விமர்சிக்கலாகாது என்று தேர்தல் நடத்தை விதிகள் தெளிவாகவே சொல்கின்றன. அந்த வரி மீறப்படும்போது பெரும்பாலும் அடிபடுவது பெண் வேட்பாளர்தான்.

மேற்கிலிருந்து வந்த கோட்பாடு என்று இதைத் தள்ளிவிட நம் மொழியே இடம் தராது. ‘பேதை’ என்ற சொல் அறிவற்றவரையும் குறிக்கிறது, ஐந்து முதல் ஏழு வயதுச் சிறுமியையும் குறிக்கிறது, பொதுவாகப் பெண்ணையும் குறிக்கிறது. “பேதைமை என்பது மாதர்க்கு அணிகலம்” என்ற வரியைச் சிறுபிள்ளைகள் ஒப்பித்திருக்கிறார்கள். இன்னொன்று: துணையை இழந்த இருவருக்கும் தொல்காப்பியத்தில் சொல் இருந்தது. மனைவியை இழந்தவனின் நிலை தபுதார நிலை. கணவனை இழந்தவளின் நிலை தாபத நிலை. தாபதம் என்றால் தவம். அப்போதே அவளுக்கு நோன்பு விதிக்கப்பட்டுவிட்டது. பின்னர் விதவை, கைம்பெண், அறுதலி என்று பெண்ணுக்குப் பெயர்கள் பெருகின. தபுதாரன் புலவர் வீட்டோடு நின்றுபோனான், ஏனென்றால் அவனை அடையாளம் காட்டி விலக்கவேண்டிய தேவை ஊருக்கு இருக்கவில்லை.

சொல்லைத் திருத்தினால் என்ன ஆகிவிடும் என்று கேட்போருக்கு ‘ஈவ் டீசிங்’ நல்ல எடுத்துக்காட்டு. தமிழ்நாட்டில் 1998இல் இயற்றப்பட்ட சட்டத்தின் பெயரிலேயே அந்தச் சொல் இருந்தது. கேலி, விளையாட்டு என்ற சாயல் அதில் ஒட்டியிருந்தது. பின்னர் அதை நீக்கி, பெண்களைத் துன்புறுத்துதல் என்று பெயர் மாற்றினார்கள். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் நீதிபதிகளுக்காக வெளியிட்ட கையேடும் அந்தச் சொல்லைத் தவிர்த்து, தெருவில் நடக்கும் பாலியல் துன்புறுத்தல் என்றே எழுதச் சொன்னது. இந்த இடத்தில் ‘பாலியல்’ சரியான சொல், பாலினம் அல்ல.

இனி எழுதுவோருக்கு: பெண்களுக்கு அரசியல் வராது என்று ஒருவர் பேசினால் அது பாலினவாதப் பேச்சு. ஆண், பெண் கூலி வேறுபட்டால் அது பாலினப் பாகுபாடு. அரசியலுக்கு வந்துவிட்ட பெண்ணின் படத்தைச் சிதைத்துப் பரப்பினால் அது பெண்ணொறுப்பு; அதைச் செய்தவர் தம் வீட்டுப் பெண்களிடம் எவ்வளவு அன்பாக இருந்தாலும், பெண்ணாகவே இருந்தாலும்கூட.