அரிசி மாவில் பாண் ஏன் பொங்குவதில்லை?

ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில், உணவு எங்கிருந்து வருகிறது என்று பேசிக்கொண்டிருந்தோம். கொழுந்து கோப்பைக்கு வரும் வழியைப் பிள்ளைகள் என்னைவிட நன்றாகச் சொன்னார்கள். காலையில் சாப்பிட்ட பாணைப் பற்றிக் கேட்டால், "பேக்கரியிலிருந்து" என்பதோடு நின்றுவிட்டார்கள். கோதுமை இங்கே விளைவதில்லை, கப்பலில் வருகிறது, திருகோணமலையில் அரைக்கிறார்கள் என்றேன். உடனே தரம் 6 மாணவி ஒருத்தி எழுந்தாள்: "சேர், நெல்லுதான் இங்க விளையுதே, அரிசி மாவுல ஏன் பாண் சுடுறதில்ல?"

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று காபனீரொட்சைட்டை விடும் என்பது தெரிந்ததே. அரிசி மாவிலும் அது விடும். ஆனால் அங்கே வாயுவைப் பிடித்துவைக்க ஆளில்லை.

அந்த ஆளைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு பிடி கோதுமை மாவை நீர் விட்டு நன்றாகப் பிசைந்து, அரை மணி நேரம் ஊறவிட்டு, ஒரு பேசின் தண்ணீரில் மெல்லக் கசக்கிக் கழுவினோம். மாப்பொருள் கரைந்து தண்ணீர் பால்போல வெளுத்தது. நீரை மாற்றி மாற்றிக் கழுவியபின் கையில் மிஞ்சியது, இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கும் சாம்பல் நிறக் கட்டி. அதுதான் குளூட்டன். இத்தாலியரான பெக்காரி இதே கழுவலை 1745இல் எழுதிவைத்திருக்கிறார். கோதுமையில் கிளையடின், குளூட்டனின் என்று இரண்டு புரதங்கள் உண்டு. ஒன்று நீளும், மற்றது சுருங்கி இழுக்கும். நனைத்துப் பிசையும்போது இரண்டும் பின்னி வலையாகின்றன. வாயு வலைக்குள் ஊதுகிறது, மா பலூன்போல உப்புகிறது. போறணைச் சூட்டில் ஈஸ்ட் செத்துப்போகும், வலை இறுகி அப்படியே நின்றுவிடும். பாணின் ஓட்டைகள் எல்லாம் அந்த வாயு இருந்த அறைகள்.

அரிசி மாவைக் கழுவினோம். கையில் எதுவும் மிஞ்சவில்லை. அவள் பேசினுக்குள் விரல் விட்டுத் தேடிப் பார்த்தாள்.

மா பொங்காவிட்டால் 'கைராசி இல்லை' என்பார்கள். நுவரெலியாக் குளிரில் ஈஸ்ட் மந்தமாகத்தான் வேலை செய்யும். அடுப்படியில் வைத்தால் ராசி வந்துவிடும்.

2022இல் டொலர் இல்லாமல் பாண் விலை ஏறியதை இந்தப் பிள்ளைகள் வீட்டில் பார்த்தவர்கள். குளூட்டனுக்குப் பதிலாக ஒரு பசையைச் சேர்த்து அரிசிப் பாண் செய்ய முடியும். நம் நெல்லுக்கு எது பொருந்தும் என்று தேடும் ஆய்வுக்கு அரசு தாராளமாகக் காசு ஒதுக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்த வாரம் குரக்கன் மா கொண்டுவந்தார்கள். அதுவும் முழுக்கக் கரைந்து போனது.