பூட்டுப் போடுவேன் என்று வீட்டுக்காரர் மிரட்டினால்

"நாளைக்குள்ள காலி பண்ணுங்க, இல்லேன்னா பூட்டுப் போட்டுடுவேன்." வேலூரில் வாடகைத் தகராறோடு வழக்கறிஞரிடம் வருகிறவர்களில் பலர் முதலில் சொல்வது இதைத்தான். சத்துவாச்சாரியில் குழந்தைகளோடு குடியிருக்கும் குடும்பம், காட்பாடியில் நாலு பேராகச் சேர்ந்து வீடு பிடித்த மாணவர்கள், சிகிச்சைக்காக வெளிமாநிலத்திலிருந்து வந்து சில மாதங்களுக்கு வீடெடுத்துத் தங்கியிருப்பவர்கள், எல்லாருக்கும் ஒரே பயம்: வீடு அவருடையது, பூட்டிவிட்டால் நாம் என்ன செய்ய முடியும்?

வீடு அவருடையதுதான். ஆனால் சொத்துரிமை வேறு, சுவாதீனம், அதாவது வீட்டைக் கைவசம் வைத்து அனுபவிப்பது, வேறு. அவர் சம்மதித்துச் சாவி கொடுத்து, நீங்கள் சாமான் இறக்கிய நாளிலிருந்து சுவாதீனம் உங்களிடம் இருக்கிறது. அதைத் திரும்பப் பெற அவருக்கு இரண்டே வழி: நீங்களாக ஒப்படைக்க வேண்டும், அல்லது நீதிமன்றம் உத்தரவிட வேண்டும். வாடகை பாக்கி இருந்தாலும், ஒப்பந்தக் காலம் முடிந்திருந்தாலும், ஒப்பந்தமே எழுதாமல் வாய்ப்பேச்சில் குடிவந்திருந்தாலும் இதில் மாற்றமில்லை. நிலைத்த சுவாதீனத்தில் இருப்பவரைச் சட்டத்தின் வழியாக அன்றிப் பலவந்தமாக வெளியேற்றக் கூடாது என்று 1989இல் கிருஷ்ணராம் மகாலே வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, 2017ஆம் ஆண்டு நில உரிமையாளர், குத்தகைதாரர் உரிமைகள் பொறுப்புகள் சட்டம் 22.02.2019 முதல் நடப்பில் உள்ளது. வேலூர் மாநகராட்சி, குடியாத்தம் நகராட்சி, பள்ளிகொண்டா பேரூராட்சி போன்ற நகர்ப்புறப் பகுதிகளில் இந்தச் சட்டம்தான். அதன் 21ஆம் பிரிவுப்படி வீட்டுக்காரர் வாடகை நீதிமன்றத்தில் மனுப்போட்டு, சட்டம் சொல்லும் காரணங்களில் ஒன்றை நிரூபிக்க வேண்டும். இரண்டு மாத வாடகை பாக்கி என்பது ஒரு காரணம். அதிலும் பாக்கியைக் கட்டச் சொல்லும் கேட்பு அறிவிப்பு கிடைத்த ஒரு மாதத்துக்குள் வட்டியோடு கட்டிவிட்டால் தப்பிக்க வழி இருக்கிறது. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் செய்துகொள்ளாததும் இந்தச் சட்டத்தில் ஒரு காரணமாக இருப்பதால், "ஒப்பந்தம் இல்லை, அதனால் என்னை அசைக்க முடியாது" என்று யாரும் எண்ண வேண்டாம். அசைக்க முடியும், நீதிமன்றம் வழியாக மட்டும்.

நகர எல்லைக்கு வெளியே ஊராட்சிப் பகுதியில் இருந்தால் சொத்து மாற்றுச் சட்டம் பொருந்தும். மாத வாடகை வீட்டுக்கு 15 நாள் அறிவிப்பு, பிறகு உரிமையியல் (சிவில்) நீதிமன்றத்தில் வழக்கு. அங்கும் பூட்டுக்கு இடமில்லை.

மிரட்டல் வந்ததும் செய்ய வேண்டியது

மிரட்டலுக்கும் பூட்டுக்கும் நடுவில் பெரும்பாலும் சில நாட்கள் கிடைக்கும். அந்த நாட்களைச் சண்டையில் கழித்தவர்களுக்கும், காகிதம் சேர்த்தவர்களுக்கும் பின்னால் நீதிமன்றத்தில் பெரிய வித்தியாசம் தெரியும்.

நீங்கள் அங்கே குடியிருக்கிறீர்கள் என்பதற்கு அத்தாட்சி வேண்டும். ஒப்பந்தம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் அட்வான்ஸ் கொடுத்த ரசீது, ஜிபேயில் மாதாமாதம் வாடகை அனுப்பிய பதிவு, வங்கிக் கணக்கு விவரம், அந்த விலாசத்துக்கு வந்த கேஸ் சிலிண்டர் பில், மின் கட்டணம் கட்டிய ரசீது, ஆதார், குழந்தையின் பள்ளி அடையாள அட்டை, பார்சல் வந்த அட்டைப்பெட்டியில் ஒட்டிய விலாசம்வரை எல்லாமே உதவும். இவற்றைப் படமெடுத்து வெளியூரில் இருக்கும் ஒரு உறவினருக்கு அனுப்பி வையுங்கள். பூட்டு விழும்போது காகிதங்கள் வீட்டுக்குள்ளேயே மாட்டிக்கொள்வதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், பாஸ்போர்ட், தினம் சாப்பிடும் மாத்திரை, மருத்துவமனைக் கோப்பு ஆகியவற்றை அன்றைக்கே வெளியே ஒரு நம்பிக்கையான இடத்தில் வைத்துவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் வந்த மிரட்டலை அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. அந்தச் செய்தி வந்த போனே பத்திரமாக இருக்க வேண்டும். மின்னணு ஆதாரத்தை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் தர வேண்டும், போன் இல்லையென்றால் அங்கே சிக்கல் வரும்.

வாடகையை நிறுத்தாதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். கோபத்தில் வாடகையை நிறுத்துவது, எதிர்த்தரப்புக்கு நாமே காரணத்தை எழுதிக் கொடுப்பது போல. சில வீட்டுக்காரர்கள் வேண்டுமென்றே வாடகையை வாங்க மறுத்து, இரண்டு மாதம் கழித்து "பாக்கி" என்று சொல்வார்கள். மறுத்தால் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள். அது தெரியாவிட்டால் மணியார்டர் அனுப்பி, திரும்பி வந்தால் அந்தச் சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். வாடகை அதிகார அமைப்பிடம் வாடகையைச் செலுத்தவும் சட்டத்தில் வழி உண்டு. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர்தான் அந்தப் பொறுப்பில் இருப்பார்.

அடுத்து வழக்கறிஞர் மூலம் ஒரு அறிவிப்பு. நான்கு பத்தி போதும்: எப்போதிலிருந்து குடியிருக்கிறீர்கள், வாடகை எவ்வளவு, எதுவரை கட்டியிருக்கிறீர்கள், எந்தத் தேதியில் என்ன மிரட்டினார், நீதிமன்ற உத்தரவின்றி வெளியேற்ற முயன்றால் வழக்குத் தொடரப்படும். ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். பல வீடுகளில் விவகாரம் இந்தக் கடிதத்தோடு அடங்கிவிடும்; தன் பூட்டு குற்றமாகும் என்பது பல வீட்டுக்காரர்களுக்கு நிஜமாகவே தெரியாது.

தண்ணீரும் கரண்டும்

பூட்டுக்கு முந்தைய கட்டம் இது. பியூஸ் கேரியரைப் பிடுங்குவது, மாடி டேங்கிலிருந்து வரும் வால்வை அடைப்பது, கழிவறைக் குழாயை மூடுவது. வேலூர் வெயிலில் மே மாதம் கரண்டும் தண்ணீரும் இல்லாமல் கைக்குழந்தையோடு எத்தனை நாள் இருக்க முடியும் என்பது செய்பவருக்கும் தெரியும். 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு இதை நேரடியாகத் தடுக்கிறது. தண்ணீர், மின்சாரம், படிக்கட்டு விளக்கு, லிப்ட், துப்புரவு எதையும் வீட்டுக்காரர் தானாகவோ ஆள் வைத்தோ நிறுத்தக் கூடாது. வாடகை அதிகார அமைப்பிடம் மனுக் கொடுத்தால் விசாரணை முடியும் முன்பே இணைப்பைத் திருப்பித் தரச் சொல்லி இடைக்கால உத்தரவு போடலாம். மனுவில் அந்த இடைக்கால உத்தரவைத் தனியாகக் கேட்க மறக்காதீர்கள். மின் இணைப்பு எண்ணையும், கட்டணம் பாக்கியில்லை என்பதற்கான ரசீதையும் இணையுங்கள். பாக்கி இருந்தால் மின்வாரியமே துண்டித்தது என்று பதில் வரும்.

பூட்டு விழுந்துவிட்டால்

பெரும்பாலும் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் பூட்டு விழும், அல்லது பொங்கல் விடுமுறைக்கு முந்தின நாள். நீதிமன்றம் திறக்க இரண்டு மூன்று நாள் ஆகும் என்ற கணக்கு.

பூட்டை உடைக்காதீர்கள். உள்ளே இருப்பது உங்கள் சாமான்தான், ஆனாலும் உடைத்த மறுகணம் "என் பொருளைக் காணோம்" என்று எதிர்ப் புகார் வரும், நீங்கள் புகார்தாரர் என்ற இடத்திலிருந்து குற்றஞ்சாட்டப்பட்டவர் என்ற இடத்துக்கு மாறிவிடுவீர்கள். பூட்டையும் கதவையும் வீதியையும் ஒரே வீடியோவில் எடுங்கள். பக்கத்து வீட்டார் இருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று நினைவிலிருந்து ஒரு பட்டியல் எழுதித் தேதி, நேரம் போடுங்கள். பிறகு 112 அல்லது 100க்கு அழையுங்கள்.

காவல் நிலையத்தில் கேட்கக்கூடிய பதில், "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க." அந்தப் பதில் வருவதற்குப் பாதிக் காரணம் புகாரை எழுதும் விதம். பொருள் என்ற இடத்தில் "வாடகைத் தகராறு" என்று எழுதினால் அது சிவில்தான். என்ன செய்தார் என்பதை எழுதுங்கள்: இன்ன தேதி, இன்ன நேரத்தில், என் சுவாதீனத்தில் உள்ள வீட்டுக்கு நான் போக முடியாதபடி பூட்டுப் போட்டார், உள்ளே என் தாயாரின் மருந்து இருக்கிறது, கேட்டபோது இப்படி மிரட்டினார். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், போக உரிமையுள்ள இடத்துக்குப் போகவிடாமல் மறிக்கும் முறையற்ற தடை 126ஆம் பிரிவு, ஆளை உள்ளே வைத்துப் பூட்டினால் 127, அத்துமீறி வீட்டுக்குள் நுழைந்தால் 329, பொருளை உடைத்தால் 324, மிரட்டலுக்கு 351. அத்துமீறல் என்பது சுவாதீனத்துக்கு எதிரான குற்றம், ஆகவே உள்நோக்கத்தோடு நுழைந்தவர் சொத்தின் சொந்தக்காரராக இருந்தாலும் பொருந்தும். புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் நிலையத்தை விட்டு வராதீர்கள். வழக்குப் பதியாவிட்டால் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்பலாம், அதன் பிறகு நீதித்துறை நடுவரிடம் போகலாம். முதல் நாளே எல்லாப் பிரிவும் போடச் சொல்லி வாதாடுவதைவிட, போலீஸ் முன்னிலையில் மருந்தையும் சான்றிதழையும் எடுத்துத் தரக் கேளுங்கள். அது பெரும்பாலும் நடக்கும்.

அடுத்த வேலை நாளில் உரிமையியல் நீதிமன்றம். இன்னும் உள்ளே இருக்கிறீர்கள் என்றால் வெளியேற்றக் கூடாது என்று தடை கேட்கும் நிரந்தர உறுத்துக்கட்டளை வழக்கும், கூடவே இடைக்காலத் தடை மனுவும். வெளியேற்றப்பட்டுவிட்டால் 1963ஆம் ஆண்டு குறித்தவகை நிவாரணச் சட்டத்தின் 6ஆம் பிரிவு. இந்த வழக்கில் வீடு யாருடையது என்ற கேள்வியே எழாது. சம்மதமில்லாமல், சட்டத்தின் வழியில்லாமல் வெளியேற்றப்பட்டாரா என்பது மட்டும்தான். ஆறு மாதத்துக்குள் போட வேண்டும். சமாதானம் பேசிப் பேசியே அந்த ஆறு மாதத்தைத் தொலைத்தவர்கள் பலர். பேசுங்கள், ஆனால் தேதியை எண்ணிக்கொண்டே பேசுங்கள். 2017ஆம் ஆண்டுச் சட்டம் உரிமையியல் நீதிமன்றம் விசாரிப்பதைத் தடுக்கிறது என்று எதிர்த்தரப்பு சொல்லும். ஆகவே பிராதை, அதாவது வழக்கு மனுவை, வாடகைத் தகராறாக எழுதாமல், சுவாதீனப் பாதுகாப்பு வழக்காகவே எழுத வேண்டும்.

வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்றால் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார். தொலைபேசி 15100.

லாட்ஜ் அறைக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தாது. மருத்துவமனையைச் சுற்றி நாள் வாடகைக்குத் தங்குபவர் விருந்தினர்தான், குடித்தனக்காரர் அல்லர். தனிச் சமையல், மாத வாடகை, சாவி உங்கள் கையில் என்றால் நிலைமை வேறு. லீஸ் எனப்படும் போக்கியத்தில் பெருந்தொகை கொடுத்திருப்பவர்கள் பணம் கைக்கு வரும் முன் சாமானை ஏற்றவே கூடாது. பதிவு செய்யாத முத்திரைத்தாளை மட்டும் நம்பி வெளியே வந்துவிட்டால், பணத்துக்காகத் தனி வழக்கு நடத்த வேண்டியிருக்கும்.

நீங்களே காலி செய்ய முடிவெடுத்தால், சட்டப்படி அட்வான்ஸைத் திருப்பித் தர வீட்டுக்காரருக்கு ஒரு மாதம் அவகாசம் இருக்கிறது என்றாலும், சாவி கொடுக்கும் அன்றே வாங்கிக்கொள்வதாகப் பேசி எழுதிக்கொள்ளுங்கள். மின் மீட்டர் ரீடிங், பெயிண்டுக்கும் பழுதுக்கும் பிடித்த தொகை, மீதி எவ்வளவு, சாவி கொடுத்த நேரம் எல்லாம் ஒரே தாளில், இரண்டு தரப்புக் கையெழுத்தோடு. அந்தக் கையெழுத்து விழும்வரை சாவி உங்களிடமே இருக்கட்டும்.