கடல் கடந்த மணல்வாசிகள்

பந்திங் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மூத்தவர்களைக் கேட்டால், மகரந்தத் தூளைப் பூக்குலைகளில் கையால் தூவிய காலத்தைப் பற்றிச் சொல்வார்கள். 1981ஆம் ஆண்டு கேமரூனிலிருந்து செம்பனையின் மகரந்தத்தைப் பரப்பும் ஒரு சிறிய கூன்வண்டு மலேசியாவுக்குக் கொண்டுவரப்பட்டுத் தோட்டங்களில் விடப்பட்ட பிறகு, அந்த வேலைக்கு அவசியம் இல்லாமல் போயிற்று. சில மில்லிமீட்டர் நீளமே உள்ள அவ்வண்டு கடல் கடந்ததில் மர்மம் எதுவும் இல்லை. மனிதர்கள் பத்திரமாகச் சுமந்து வந்தார்கள். ஆனால் அதைவிடப் பன்மடங்கு சிறிய விலங்குகள், எந்தக் கண்டத்தோடும் ஒருபோதும் ஒட்டியிராத எரிமலைத் தீவுகளின் கரைமணலில் குடியிருக்கின்றனவே, அவற்றைச் சுமந்து சென்றது எது?

ஈக்குவடோருக்கு மேற்கே ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கலாபகஸ் தீவுகளின் கரைமணலை, 1970களில் பீட்டர் ஆக்ஸ் தலைமையிலான ஜெர்மானிய ஆய்வாளர்கள் அலசிப் பார்த்தபோது, தட்டைப்புழுக்களும், காஸ்ட்ரோட்ரிக்குகள் எனப்படும் புழுப்போன்ற நுண்விலங்குகளும், இன்னும் பல குழுக்களைச் சேர்ந்த நுண்விலங்குகளும் அதில் வாழ்வது தெரியவந்தது. 1 மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் நழுவி, அதைவிட ஏறத்தாழ இருபது மடங்கு நுண்ணிய சல்லடையில் தங்கிவிடும் இத்தகைய விலங்குகளுக்கு மெயோபானா என்று 1942இல் மோலி மேர் என்ற ஆய்வாளர் பெயரிட்டார்.

எரிமலைத் தீவின் கடற்கரை பல இடங்களில் கறுப்பாக இருக்கும். நம் மோரிப் கடற்கரையிலும் நீர் வற்றிய நேரத்தில் சேற்றைச் சற்றுத் தோண்டினால் கறுப்புத்தான் தெரியும் என்றாலும், இரண்டு கறுப்பும் ஒன்றல்ல. மோரிப்பில் நுண்ணிய சேற்றுக்குள் காற்றும் நீரும் எளிதில் புகாததால் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழேயே ஆக்சிஜன் தீர்ந்துவிடுகிறது. அங்கு உருவாகும் இரும்புச் சல்ஃபைடே அந்த நிறத்தைத் தருகிறது; அழுகிய முட்டை நாற்றம் அங்கு உண்டாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவுடையது. தீவின் கறுப்பு மணலோ, கொதிக்கும் எரிமலைக் குழம்பு கடலில் விழுந்து சிதறியும், பாறைகள் அலையில் தேய்ந்தும் உண்டான பசால்ட் என்னும் எரிமலைப் பாறையின் துகள்களால் ஆனது. துகள்கள் பருத்தவையாக இருப்பதால் இடுக்குகள் பெரியவை; ஒவ்வோர் அலையும் அவற்றின் வழியே புதுநீரை உள்ளே தள்ளி, ஆக்சிஜனையும் நுண்பாசிகளையும் கொண்டுசேர்க்கிறது.

அந்த இடுக்குகளில் வாழ உடலும் அதற்கேற்ப அமைந்திருக்க வேண்டும். காஸ்ட்ரோட்ரிக்கின் உடல் நீண்டு, நெளியக்கூடியதாக இருக்கிறது. அடிப்பக்கத்து நுண்மயிர்களால் அது துகள்மீது வழுக்கிச் செல்கிறது. அதன் ஒட்டுக்குழாய்களில் இருவகைச் சுரப்பிகள் உண்டு: ஒன்று பசையைச் சுரந்து துகளில் ஒட்டவைக்கிறது, மற்றொன்று அப்பிடியை விடுவிக்கிறது. இப்பிடி உறுதியானது என்பதால்தான் ஆய்வாளர்கள் மணலை மக்னீசியம் குளோரைடு கரைசலில் நனைத்து விலங்குகளை மயக்கிய பிறகே நீரைச் சுழற்றி வடிக்கிறார்கள்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. நண்டும் சிப்பியும் நீரில் வாரக்கணக்கில் மிதந்து திரியும் இளம்பருவத்தை உடையவை. காஸ்ட்ரோட்ரிக்கின் முட்டையிலிருந்தோ தாயின் வடிவிலேயே குட்டி உயிர் வெளிவருகிறது. மிதந்து திரியும் பருவமே இல்லாத உயிர்கள் பெருங்கடலைக் கடந்திருப்பதை ஆய்வாளர்கள் 'மெயோபானா புதிர்' என்கிறார்கள்.

பாய்மரக் கப்பல்கள் சமநிலைக்காகக் கடற்கரை மணலை ஏற்றிச் சென்று மறுகரையில் கொட்டியது ஒரு விளக்கம். ஆனால் கப்பல்கள் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே உருவான தீவுகளுக்கு அது மட்டும் போதாது என்றே எனக்குத் தோன்றுகிறது. மிதக்கும் கடற்பாசித் திரள்களும் கடலாமைகளின் ஓடுகளும் இந்த நுண்விலங்குகளைச் சுமந்திருப்பது கண்டறியப்பட்டுள்ளது. எரிமலையே உமிழும், தண்ணீரில் மிதக்கும் நுரைக்கல்லும் உயிர்களைச் சுமக்கும்: 2006இல் டோங்கா அருகே வெடித்த எரிமலையின் நுரைக்கற்கள், 80க்கும் மேற்பட்ட இன உயிர்களோடு 5,000 கிலோமீட்டருக்கு மேல் மிதந்து ஆஸ்திரேலியக் கரையை அடைந்தன. அவற்றில் பாசிகளும் கொட்டலசு போன்ற ஒட்டுயிர்களும் இருந்தன. மணல்வாசிகளுக்கும் இதே பாதை உதவியிருக்கலாம்.

புதிரின் ஒரு பகுதி நம் கண்ணின் பிழையாகவும் இருக்கக்கூடும். உருவத்தில் வேறுபாடே தெரியாத, 'ஒரே இனம்' என்று பல கடற்கரைகளில் பதிவான நுண்விலங்குகளின் மரபணுக்களை ஒப்பிட்டபோது, அவற்றுள் பல தனித்தனி இனங்களாகவே பிரிந்து நின்றன. அப்படிப் பிரிந்தவற்றுக்கு அண்மைக்காலத்துக் கடற்பயணம் எதையும் கற்பிக்க வேண்டியதில்லை. மிகப் பழங்காலத்தில் என்றோ ஒருமுறை கடந்து வந்ததே போதும்.