ரிக்ரெஷன்னா பின்னடைவா?

சைக்காலஜி படிக்கிறவங்கள இந்த ஒரே சொல் ரெண்டு பேப்பர்ல ரெண்டு விதமா வந்து குழப்பும். தம்பிப் பாப்பா பொறந்ததும் அஞ்சு வயசு அக்கா மறுபடி விரல் சூப்ப ஆரம்பிக்கிறா, ராத்திரி படுக்கைய நனைக்கிறா, அது ஃப்ராய்டு சொன்ன ரிக்ரெஷன். எத்தனை மணி நேரம் படிச்சாங்கன்றத வச்சு எவ்ளோ மார்க் வரும்னு கணிக்க ஒரு கோடு போடுறோமே, அது ஸ்டாட்ஸ்ல, அதாவது புள்ளியியல்ல, வர்ற ரிக்ரெஷன். ரெண்டுக்கும் பேர் மட்டும்தான் ஒண்ணுன்னு நெனச்சுட்டு நிறைய பேர் தாண்டிப் போயிடுறாங்க, ஆனா வேர் ஒண்ணுதான்.

லத்தீன்ல அடியெடுத்து வைக்கிறதக் குறிக்கிற வினைச்சொல்லுக்கு முன்னாடி 'ரி' சேர்ந்தா பின்னால அடி வைக்கிறது, வந்த வழியே திரும்புறது. ஃப்ராய்டு சொல்றது அப்படியே பொருந்துது, மனசு முந்தின பருவத்துக்குத் திரும்புது. ஆனா ஸ்டாட்ஸ்ல கோடு எங்க திரும்புது?

அதுக்கு ஃப்ரான்சிஸ் கால்ட்டன் கிட்ட போகணும். டார்வினோட உறவுக்காரர், 'நல்ல' பரம்பரைன்னு கருதினவங்கள மட்டும் பெருக்கி மனுஷ இனத்த மேம்படுத்தணும்ங்கிற கொள்கைக்கு 'யூஜெனிக்ஸ்'ங்கிற சொல்லையே 1883ல உண்டாக்கினவர், அந்தக் கொள்கை பின்னால எத்தனை கொடுமைக்கு வழிவிட்டுச்சுன்றத மறக்காமத்தான் அவரப் படிக்கணும். பரம்பரையா என்ன வருதுன்னு பாக்க முதல்ல ஸ்வீட் பீங்கிற பூச்செடியோட விதைகள அளந்தாரு, பெரிய விதையிலேர்ந்து வந்த விதைங்க தாயளவுக்குப் பெருசா இல்ல, சின்னதுலேர்ந்து வந்தது அந்தளவுக்குச் சின்னதாவும் இல்ல. அப்புறம் 205 பெற்றோர் ஜோடி, அவங்களோட வளர்ந்த பிள்ளைங்க 928 பேர்னு உயரக்கணக்கு எடுத்தாரு, பொம்பளைங்க உயரத்த 1.08ஆல பெருக்கி ஆம்பளைங்க உயரத்தோட சமமாக்கிக்கிட்டாரு. பெற்றோர் ரெண்டு பேரோட சராசரி உயரம் பொதுச் சராசரிய விட 3 அங்குலம் கூடன்னா, பிள்ளைங்க உயரம் சராசரியா 2 அங்குலம்தான் கூட, குட்டையான பெற்றோருக்கும் இதே கதை தலைகீழா. 1886ல வந்த கட்டுரையில இதுக்கு அவர் வச்ச பேர்தான் ரிக்ரெஷன், அதாவது நடுத்தரத்த நோக்கித் திரும்புறது. அந்தத் திரும்பல காட்டுற கோடு ரிக்ரெஷன் கோடு ஆச்சு, அப்புறம் பியர்சன், யூல் மாதிரி புள்ளியியல்காரங்க அந்தக் கணக்க விரிச்சாங்க, எதுவுமே திரும்பாத இடத்துலயும் அதே பேர் ஒட்டிக்கிச்சு. இத்தனைக்கும் புள்ளிங்க கோட்டுலேர்ந்து விலகுற அளவுகளோட வர்க்கங்களின் கூட்டுத்தொகை மிகக் குறைவா வர்ற மாதிரி கோடு பொருத்துற லீஸ்ட் ஸ்கொயர்ஸ் முறைய, பிரெஞ்சுக் கணிதக்காரர் லெஜாந்தர் 1805லயே அச்சுல போட்டுட்டாரு.

சைக்காலஜிக்காரங்க விடக்கூடாத இடம் இந்தத் திரும்பல்தான். உளவியலாளர் டேனியல் கானமன் இஸ்ரேல் விமானப்படை பயிற்சியாளர்கள்கிட்ட, திட்டறத விடப் பாராட்டினாதான் நல்லா கத்துக்குவாங்கன்னு சொன்னப்ப ஒருத்தர் எந்திரிச்சு மறுத்தாராம், நல்லா ஓட்டினவன பாராட்டினா அடுத்த தடவ சொதப்பறான், மோசமா ஓட்டினவன கத்தினா அடுத்த தடவ நல்லா ஓட்டறான்னு. அவர் பாத்தது நிஜம், சொன்ன காரணம்தான் தப்பு. ஒரு தடவ ரொம்ப அசத்தலா வந்துச்சுன்னா அதுல திறமையோட கொஞ்சம் அதிர்ஷ்டமும் சேந்திருக்கும், அடுத்த தடவ அதே அதிர்ஷ்டம் கூட வராது, பாராட்டினாலும் பாராட்டாட்டியும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். நம்ம வீட்லயும் இதுதான் நடக்குது, பிள்ளை 98 வாங்கினத ஊரெல்லாம் சொல்லி அடுத்த பரிச்சையில 86 வந்தா கண்ணு பட்டுடுச்சுன்னு சுத்திப் போடுறோம், சுத்திப் போட்டதும் அடுத்ததுல 91 வந்தா திருஷ்டி கழிஞ்சுதுன்னு நம்பிடுறோம்.

ஆராய்ச்சியில இதே தப்பு நடந்தா விளைவு பெருசு. டிப்ரெஷன் கேள்வித்தாள்ல ரொம்ப அதிக ஸ்கோர் வாங்கினவங்கள மட்டும் பொறுக்கி எடுத்து, ஆறு வாரம் கவுன்சலிங் குடுத்துட்டு மறுபடி அளந்தா ஸ்கோர் குறைஞ்சிருக்கும், கவுன்சலிங்கே குடுக்கலனாலும் ஓரளவு குறைஞ்சிருக்கும். ஒப்பிட்டுப் பாக்க கவுன்சலிங் குடுக்காத ஒரு கன்ட்ரோல் குரூப் வேணும்னு மெத்தட்ஸ் டீச்சர் திரும்பத் திரும்பக் கேக்கறதுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இப்ப தமிழுக்கு வருவோம். நெறைய நோட்ஸ்லயும் மெஷின் மொழிபெயர்ப்புலயும் 'பின்னடைவுப் பகுப்பாய்வு'னு போடுறாங்க. பின்னடைவுன்னா நமக்கு தேர்தல்ல பின்தங்குறது, உடம்பு மறுபடி மோசமாகுறது. ஃப்ராய்டுக்கு அது சரி, அங்கயே இருக்கட்டும். ஆனா 30 மார்க் எடுத்தவன் அடுத்த தடவ 42க்கு வர்றதும் ஸ்டாட்ஸ்ல ரிக்ரெஷன்தானே, அதப் போய் பின்னடைவுன்னு எப்படிச் சொல்றது? தமிழ்நாட்டுப் பாடநூல்ல கோட்டுக்கு 'தொடர்புப் போக்கு'னு வச்சிருக்காங்க, எனக்கு அது ஆங்கிலச் சொல்ல விடவே தெளிவாப் படுது, ஒண்ணோட ஒண்ணுக்கு இருக்கிற தொடர்பு எந்தப் போக்குல போகுதுன்னு சொல்லிலயே வந்துடுது, பக்கத்துல, ரெண்டு அளவுங்க எவ்ளோ சேர்ந்து மாறுதுன்னு சொல்ற கோரிலேஷனுக்கு இருக்கிற 'ஒட்டுறவு'ம் அழகு. கால்ட்டன் பாத்த அந்தத் திரும்பலுக்கு 'சராசரி நோக்கி மீளல்'னு நான் எழுதுறேன், மேலேர்ந்து கீழ வந்தாலும் கீழேர்ந்து மேல போனாலும் மீளல் பொருந்தும்.