சொரியாசிஸ்: இடையின ரகரமா, வல்லின றகரமா?

தமிழ் படிப்பிக்கிறவனுக்கு வரக்கூடாத, செதில் உதிரும் தோல் நோய் இது. பெயரை எப்படி எழுதினாலும் எழுத்துப்பிழை போலவே கிடக்கும். 22 வருடமாக என் முழங்கையிலும் முழங்காலிலும் தலையிலும் இருக்கிறது. மருந்துக்கடைத் துண்டில் ‘சொரியாசிஸ்’ என்று கண்டேன், ஒரு துண்டுப்பிரசுரத்தில் ‘சொறியாசிஸ்’ என்று கண்டேன், ‘சோரியாசிஸ்’ என்று நீட்டியவர்களும் உண்டு. கிளினிக் கொப்பியில் மட்டும் பிழை இல்லை. அது ஆங்கிலத்தில் எழுதியது.

ரகர றகர வேறுபாட்டைச் சொல்லிக்கொடுக்க நான் எடுக்கும் சோடியே சொரி, சொறி என்பதுதான். பூவைச் சொரிவது, முதுகைச் சொறிவது. வகுப்பு சிரிக்கும். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பும்போது தோளில் கிடக்கிற வெள்ளைத் தூளை வெண்கட்டித் தூள் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். பாதி அதுதான்.

சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. ‘ப்ஸோரா’ என்றால் அரிப்பு. தேய்த்தல், உரசுதல் என்று பொருள்படும் ஒரு வினையிலிருந்து பிறந்த சொல். ‘இயாசிஸ்’ என்ற வால், ஒரு நோய்நிலையைக் குறிக்க ஒட்டுவது. யானைக்கால் நோயைச் சொல்லும் பைலேரியாசிஸிலும் அதே வால்தான். ஆக, ப்ஸோரியாசிஸ் என்றால் ‘அரிப்பு நோய்’. முதலில் நிற்கும் ‘ப்’ ஆங்கிலேயர் வாயிலேயே விழுந்துவிட்டது. மெய்யெழுத்தில் சொல் தொடங்காத நமக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. டொக்டர்மார் ஆங்கிலத்தில் ‘சொறையசிஸ்’ என்பது போல உச்சரிப்பார்கள். நாம் எழுத்தைக் கூட்டி வாசித்து ‘சொரியாசிஸ்’ ஆக்கிக்கொண்டோம்.

கிரேக்கத்தில் ப்ஸோரா அரிப்பு, தமிழில் சொறி அரிப்பு. ஒலியும் கிட்ட வருகிறது, பொருளும் கிட்ட வருகிறது. மிளகு ஏற்றிப்போன கப்பலில் நம் சொறியும் ஏறிப்போனது என்று யாரும் எனக்கு விளங்கப்படுத்த வரவேண்டாம். இது தற்செயல். ஆனால் இந்தத் தற்செயல் எங்களைப் போன்ற நோயாளிகளுக்குச் செய்த கேடு கொஞ்சநஞ்சமல்ல.

தமிழில் ‘சொறி’ என்றால் நகத்தால் பறாண்டுவது மட்டுமல்ல. சொறி சிரங்கு என்று சேர்த்துச் சொல்லும்போது அது தொற்றும் நோய். தோலுக்குள் குடைகிற சிற்றுண்ணியால் வருவது, ஒரே பாயில் படுத்தால் ஒட்டுவது. தெருவில் திரிகிற முடி கொட்டின நாயும் சொறிநாய்தான். இன்றைய கிரேக்கத்திலும் ப்ஸோரா என்றால் அந்தச் சிற்றுண்ணி நோய்தான் என்று அறிந்தபோது எனக்கு ஒரு வகையில் ஆறுதலாக இருந்தது. ஏதென்ஸில் இருக்கிற நோயாளியும் தன் நோயின் பெயரைச் சொல்லிவிட்டு, “இல்லை இல்லை, அது வேறு” என்று மறுகணமே விளக்க வேண்டியிருக்கும். எங்கள் நோய்க்கும் அரிப்பு உண்டு, பலருக்குக் கடுமையாகவே உண்டு. ஆனால் கிருமி இல்லை, உண்ணி இல்லை, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகாது. நான் வழமையாகப் போகும் சலூனில் ஒருநாள் எனக்கென்று தனித் துவாய் வந்தது. அந்தத் தம்பியில் கோபமில்லை. நானே அவனுக்கு நோயின் பெயரைச் சொல்லியிருந்தேன். அவன் காதில் முதல் இரண்டு எழுத்துத்தான் விழுந்திருக்கும்.

பெயர்க் குழப்பம் மருத்துவ நூல்களுக்குள்ளும் ஆயிரம் வருடத்துக்கு மேல் நடந்திருக்கிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கேலன் என்ற கிரேக்க மருத்துவர் இந்தச் சொல்லைக் கண்ணிமையிலும் விரைப்பையிலும் செதில் உதிரும் அரிப்புக்குப் பயன்படுத்தினார். இப்போது நாம் சொல்லும் நோய் அதுதானா என்பது சந்தேகமே. எங்கள் நோய் பெரும்பாலும் ‘லெப்ரா’ என்ற பெயருக்குள் கிடந்தது. லெப்ரா என்றால் செதில் உரிவது. அதே பெயருக்குள் தொழுநோயும் வந்து சேர, செதில் உரிந்தவர்களெல்லாம் ஊருக்கு வெளியே போனார்கள். 1800களின் தொடக்கத்தில் லண்டனில் மருத்துவர் ரொபர்ட் வில்லன் எங்கள் தோலைத் துல்லியமாக விவரித்தார். ஆனால் பெயரில் லெப்ராவை விடவில்லை. 1841இல் வியன்னாவில் ஃபெர்டினாண்ட் ஹெப்ராதான் எங்கள் நோயையும் தொழுநோயையும் திட்டமாகப் பிரித்தார். தொழுநோய்க் கிருமியை நோர்வேயில் ஹன்சன் கண்டது அதற்கும் பிறகு, 1873இல்.

நம் பக்கமும் கதை வேறில்லை. சித்த, ஆயுர்வேத நூல்கள் 18 வகைக் குட்டம் சொல்கின்றன. அங்கே குட்டம் என்பது தோல் நோய்கள் பலவற்றுக்குமான பொதுப்பெயர். பேச்சுவழக்கு அந்தப் பெயரைத் தொழுநோய்க்கு மட்டும் ஒதுக்கிவிட்டது. மட்டக்களப்பில் அந்தச் சொல்லுக்கு ஒரு இடமும் உண்டு: தொழுநோயாளருக்கென்று வைத்தியசாலை அமைந்த மாந்தீவு, வாவிக்குள்ளேயே இருக்கிறது. முழங்கையில் முதல் தழும்பு வந்தபோது அம்மா நோயின் பெயர் எதையும் சொல்லவில்லை. “மனே, தீவுக்கு அனுப்பிப்போடுவானுகளோ?” என்று மட்டும் கேட்டா. வைத்தியசாலையில் டொக்டர் ஒரு பஞ்சுத் துண்டால் அந்த இடத்தைத் தொட்டு, “தெரியுதா?” என்றார். தெரிந்தது. தொழுநோய்த் தழும்பில் உணர்ச்சி குறையும், இதில் குறையாது. அம்மாவின் பல நாள் நித்திரை ஒரு பஞ்சுத் துண்டால் திரும்பி வந்தது.

அந்த 18 குட்டத்துள் ‘ஏக குட்டம்’ என்று ஒன்று. பரந்து கிடக்கும், வியர்க்காது, மீன் செதிள் போல இருக்கும் என்று அதன் குறி. இன்றைய ஆயுர்வேத வைத்தியர்கள் பலர் சொரியாசிஸை அதனோடுதான் ஒப்பிடுகிறார்கள். மீன் செதிள் என்ற உவமையைப் பிடித்துவைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவோம்.

எங்கள் ஊரில் இதற்கு இன்னொரு பெயரும் உண்டு: கிரந்தி. உடம்பில் எது தடித்தாலும் சிவந்தாலும் கிரந்தி. நாட்டு வைத்தியம் செய்யும் பரிசாரியார் அப்படித்தான் சொன்னார். “உள்ளுக்குக் கிரந்தி கிடக்கு. முதல்ல வெளியப் பூசு, மறுகா கசாயம் குடி.” பூசத் தந்தது வெட்பாலை இலையைத் தேங்காயெண்ணெயில் போட்டு வெயிலில் காயவைத்த, கருநீலமாய் இறங்கிய தைலம். தோல் இளகியது, அதை மறைக்கமாட்டேன். கிரந்தி என்ற பெயர் தனியாக வருவதில்லை, கூடவே ஒரு சாப்பாட்டுப் பட்டியலும் வரும். இறால் கூடாது, நண்டு கூடாது, கணவாய் கூடாது, கத்தரிக்காய் கூடாது. வாவிக்கரையில் பிறந்து 6 வருடம் இறால் தொடாமல் இருந்தேன். தழும்பு ஒரு சதமும் குறையவில்லை. இறாலுக்கு ஒவ்வாமை உள்ளவர் விலக்கத்தான் வேண்டும், அது வேறு கதை. சொரியாசிஸைக் கிளறுகிறவை என்று உறுதியாகத் தெரிந்தவை மது, புகை, உடற்பருமன், மன உளைச்சல், தொண்டை அழற்சி, லித்தியம், பீற்றா தடுப்பான் போன்ற சில மருந்துகள். இவற்றில் ஒன்றும் கிரந்திப் பட்டியலில் இல்லை.

சரி, தமிழில் இதை என்னவென்று சொல்வது?

சித்த மருத்துவத்தார் ‘காளாஞ்சகப்படை’ என்கிறார்கள். கம்பீரமான சொல், ஆனால் கிளினிக் வாங்கில் இருக்கிற பத்துப் பேரிடம் சொன்னால் பத்துப் பேரும் கோயில் பெயரா என்று கேட்பார்கள். தமிழ்நாட்டில் வழங்கும் ‘தடிப்புத் தோல் அழற்சி’ பொருளளவில் சரி. தோல் தடிக்கிறது, அழற்சியும் உண்டு. ஆனால் மூன்று சொல். அதைச் சொல்லி முடிப்பதற்குள் எதிரில் இருப்பவர் பார்வையை மாற்றிவிடுவார். ‘படை’ என்று தனியே சொன்னால் ஆபத்து. மருந்துக்கடையில் அப்படிச் சொன்னதற்குப் பூஞ்சணப் படைக்கு என்று ஒரு பூச்சு மருந்து தந்தார்கள். ஸ்டீரொயிட் கலந்தது. பத்து நாளில் தழும்பு மாயமானது, நிறுத்தின கையோடு முன்னையதைவிடப் பெரிதாக வந்தது. தோலும் கடதாசி போல மெலிந்தது.

என் தெரிவு ‘செதிள்படை’. மேலே சொன்ன மீன் செதிள் இதில் இருக்கிறது. படை என்றவுடன் பூஞ்சணம் நினைவுக்கு வருமே என்று என் நண்பர் ஒருவர் மறுத்தார், நியாயம்தான். ஆனால் இலங்கைப் பாடநூல் படித்தவனுக்குப் படை என்றால் அடுக்கும் கூட. ஓசோன் படை என்றுதானே படித்தோம். நோயின் சங்கதியே அடுக்குத்தான். தோலின் அடியில் பிறக்கும் கலம் மேலே வந்து உதிர வழமையாக ஏறத்தாழ 28 நாள் எடுக்கும். எங்களுக்கு அது 3 முதல் 5 நாளில் வந்துவிடுகிறது, முதிர முதலே வருகிறது, வந்தது போக இடமில்லாமல் அடுக்கடுக்காய்க் குவிகிறது. ஏன் இந்த அவசரம் என்றால், கிருமிகளிலிருந்து உடம்பைக் காக்கவேண்டிய நிர்ப்பீடனத் தொகுதி, எதிரி இல்லாத இடத்தில் எதிரியைக் கண்டதாக நினைத்து மணியடிக்கிறது. படை என்பதற்கு மூன்றாவது பொருளும் உண்டல்லவா, சேனை? தன் ஊரையே தாக்குகிற சேனை. சொல்லுக்குள் அதுவும் அடங்கட்டும்.

பெயரைவிட எனக்குக் கூடுதலாகத் தொல்லை தந்த சொல் ஒன்று இருக்கிறது: ‘மாறுதல்’. நாங்கள் நோய் குணமாவதை மாறுவது என்போம். “மாறிற்றா?” என்று கேட்டால் ஓம் அல்லது இல்லை, நடுவில் ஒன்றும் கிடையாது. இந்த நோய் அடங்கும், எழும்பும், திரும்ப அடங்கும். உலக சுகாதார சபை 2014இல் இதைத் தொற்றா நோய் என்றும், நாட்பட்ட நோய் என்றும், முற்றாகக் குணமாக்க மருந்தில்லாதது என்றும் தீர்மானத்தில் எழுதியது. மாற்றித் தருகிறோம் என்றவர்களைத் தேடித்தான் என் முதல் 10 வருடம் போனது. ‘அடங்குதல்’ என்ற சொல் கைக்கு வந்த பிறகுதான் டொக்டரிடம் சரியான கேள்வி கேட்கப் பழகினேன்: எதால் அடங்கும், எவ்வளவு காலம் அடங்கும், அதற்கு என்ன விலை?

பூச்சு மருந்தில் அடங்காதவர்க்கு மெதொட்ரெக்சேட் குளிசை உண்டு. கிழமைக்கு ஒருக்கா மட்டும். நாளுக்கு ஒருக்கா என்று விளங்கிக்கொண்டு குடித்தால் உயிருக்கே ஆபத்து. என் பெட்டியில் ‘ஞாயிறு’ என்று பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். ஈரலுக்கும் இரத்தத்துக்கும் அடிக்கடி பரிசோதனை, கூட ஃபோலிக் அமிலம், மது அறவே இல்லை. கர்ப்பிணிகளுக்கு ஆகாது. ஒடுங்கிய பட்டைப் புற ஊதா ஒளிச் சிகிச்சை நல்லது. ஆனால் கிழமைக்கு 2, 3 தடவை என்று மாதக்கணக்கில் போகவேண்டும்; வாவிக்கு மேற்கே படுவான்கரையின் உள்ளூரிலிருந்து நாட்கூலிக்குப் போகிறவருக்கு அது மருந்தல்ல, பயணம். கடைசியாக, கிளினிக்கில் ‘விலை கூடின ஊசி’ என்று நாங்கள் சொல்லும் உயிரியல் மருந்துகள். அடலிமுமாப், செக்குகினுமாப் என்று வாயில் நுழையாத பெயர்கள். மணியடிக்கிற சேனைக்குள் குறிப்பிட்ட ஒரு செய்தியை மட்டும் இடைமறிப்பவை. தொடங்குமுன் காசநோய் ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். நான் இன்னும் குளிசையில்தான் நிற்கிறேன். போன மாதம் விரல் மூட்டு காலையில் இறுகுவதைச் சொன்னவுடன் டொக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். இந்த நோய் மூட்டுக்கும் இறங்கும். அதைப் பிந்தவிட்டால் மூட்டு கோணும். எனவே மருந்தை மாற்றுவது பற்றி இப்போது கதைக்கிறோம்.

அன்று வாங்கில் என் பக்கத்தில் இருந்த வயதான அம்மா என் முழங்கையைப் பார்த்துவிட்டுக் கேட்டா, “உங்களுக்கும் சொறியா தம்பி?”

“இல்லம்மா, இதுக்குச் செதிள்படை எண்டு பேர்.”

அவ என் கையைப் பிடித்துத் திருப்பி வடிவாகப் பார்த்தா. தொட்டுப் பார்த்தது எனக்குச் சந்தோசம்.

“ஓங்கா, மீன் செதிள் மாதிரித்தான் கிடக்கு. அப்ப மீன் தின்னப்படாது என்ன?”