ஸ்கெட்ச் கறுப்பானால் போதுமா?

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்து பட்டறைகளில் கம்ப்யூட்டரில் வரைந்து லேசர் கட்டிங்குக்குப் போகும் டிராயிங்குகளில் ஒரே தவறு திரும்பத் திரும்ப வருகிறது. பழைய ஃபைலைத் திறந்து ஒரு நீளத்தை மாற்றுகிறார்கள். சம்பந்தமே இல்லாத துளை ஒன்று நகர்ந்துவிடுகிறது. யாரும் பார்ப்பதில்லை. 12 மிமீ பிளேட் வெட்டி முடிந்து, அசெம்பிளியில்தான் தெரிகிறது.

கேட்டால் வரும் பதில்: "ஸ்கெட்ச் முழுக்கக் கறுப்பாத்தானே இருந்துச்சு சார்!"

இருந்திருக்கும். ஸ்கெட்ச் என்றால் கேட் (CAD) வரைபட மென்பொருளில் போடும் கோட்டுப்படம். எல்லாக் கோடும் கட்டுப்பட்டதும் அதன் நிறம் மாறும்: சாலிட்வொர்க்ஸ் மென்பொருளில் கறுப்பு, ஃப்ரீகேடில் பச்சை. அந்த நிறம் சொல்வது ஒன்றே ஒன்று: இனி எந்தக் கோடும் இழுத்தால் அசையாது. நீங்கள் நினைத்த இடத்தில்தான் நிற்கிறது என்று அது சொல்லவில்லை. தப்பான இடத்தில் கட்டிப்போட்டாலும் கறுப்புதான்.

ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலர் மிஷினின் பக்கத் தகட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் 200 மிமீ. இடது விளிம்பிலிருந்து 30-ல் பினியன் (சிறிய பல்சக்கரம்) துளை, 100-ல் ரோலர் துளை. மைய இடைவெளி 70. ரோலர் துளைக்காகக் கீழ்விளிம்பின் நடுப்புள்ளியிலிருந்து நேர்மேலே ஒரு துணைக்கோடு இழுத்து, அதன் நுனியில் வட்டத்தை வைக்கிறார்கள். நடுப்புள்ளியோடு 'வெர்ட்டிக்கல்' (நேர்மேலே நிற்க வேண்டும் என்ற) உறவு தானாக ஒட்டிக்கொண்டது. துளையின் இடம் அதிலேயே முடிவாகிவிட்டது. பிறகு 100 என்று டைமென்ஷன் (அளவு) போடப் போனால், "ஸ்கெட்ச் ஓவர் டிஃபைன் ஆகும், டிரைவன் ஆக்கவா?" என்று கேட்கும். படிக்காமலே ஓகே. இப்போது திரையில் 100 என்ற எண் இருக்கிறது, சாம்பல் நிறத்தில். அது துளையைப் பிடித்து வைக்கவில்லை, அளந்து மட்டும் காட்டுகிறது. வாடிக்கையாளர் வலப்பக்கம் 30 கூட்டச் சொன்னதும் நீளம் 230, நடுப்புள்ளி 115, மைய இடைவெளி 85. பல்சக்கரம் ஒன்றையொன்று தொடவே செய்யாது. மென்பொருள் எச்சரிக்கவில்லையே என்று கோபப்படாதீர்கள், கேள்வியே எச்சரிக்கைதான்.

அந்தக் கேள்வி வந்தால் 'கேன்சல்' அழுத்துங்கள். எந்த உறவு அந்த இடத்தைப் பிடித்திருக்கிறது என்று தேடி, அதை அழித்துவிட்டு டைமென்ஷன் போடுங்கள். சாலிட்வொர்க்ஸில் டிஸ்ப்ளே/டிலீட் ரிலேஷன்ஸ். ஃப்ரீகேடில் இடப்பக்கக் கன்ஸ்ட்ரெய்ன்ட் (உறவுகள்) பட்டியல்.

இதைக் கேட்டுவிட்டு, உறவு தானாக ஒட்டும் வசதியையே அணைத்து வைப்பவர்களும் உண்டு. அதுவும் வேண்டாம். செவ்வகத்தின் நான்கு கோட்டுக்கு 16 சுதந்திரம், அதாவது அசையக்கூடிய வழிகள். மூலைகள் சேர்ந்தால் 8 போகும், ஹாரிசான்டல்-வெர்ட்டிக்கல் 4 போகும், மிச்சம் 4: நீளம், அகலம், இருக்கும் இடத்துக்கு 2. அந்த 12-ஐயும் கையால் போடவா? அணைத்தால் மூலை 0.02 மிமீ திறந்து கிடக்கலாம், அப்படிக் கிடந்தால் தடிமன் கொடுத்துத் திடப்பொருளாக எக்ஸ்ட்ரூட் செய்ய முடியாது.

வேண்டாத இடத்தில் மட்டும் தடுங்கள். சாலிட்வொர்க்ஸ், இன்வென்டர், ஃப்யூஷன் மூன்றிலும் வரையும்போது கன்ட்ரோல் கீயை அழுத்திப் பிடித்தால் தானாக ஒட்டாது. கோட்டை மூடும் கடைசிப் புள்ளியில் மட்டும் விரலை எடுத்துவிடுங்கள். ரப்பர் பால் தொட்டியின் அடித்தட்டுக்கு 2 டிகிரி சரிவு என்றால் 20 டிகிரியாகச் சரித்து வரைந்து, பிறகு கோணம் கொடுங்கள். 2 டிகிரியில் வரைந்தால் அது ஹாரிசான்டல் ஆகிவிடக்கூடும்.

மக்களே, ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். டிஎக்ஸ்எஃப் (லேசர் மிஷினுக்குப் போகும் ஃபைல்) எடுக்கும் முன் முக்கிய நீளத்தை 200-லிருந்து 260 ஆக்கிப் பாருங்கள். நகரக்கூடாதது நகர்ந்தால் அங்கேயே தெரிந்துவிடும். பார்த்ததும் அன்டூ. அரை நிமிஷம்கூட ஆகாது.

டைமென்ஷன் போட சோம்பல்பட்டு எல்லாவற்றையும் 'ஃபிக்ஸ்' செய்து (இருக்கும் இடத்திலேயே பூட்டி) கறுப்பாக்குவது பற்றி எழுதவே எரிச்சலாக இருக்கிறது. அளவுகளைத் தானாகப் போடும் சாலிட்வொர்க்ஸின் 'ஃபுல்லி டிஃபைன்' பட்டன் அதைவிடப் பரவாயில்லை, ஆனால் அளவுகள் எந்த மூலையிலிருந்து வர வேண்டும் என்பதை நீங்கள்தான் முதலில் தேர்ந்தெடுத்துக் கொடுக்க வேண்டும்.